விவாத இழை: மஜின் பூவை வென்றது யார்? டிராகன் பால் இசட்டின் கடைசிப் பகுதி பற்றி

#1 | மாடிப்படி

டிராகன் பால் இசட் என்ற ஜப்பானிய அனிமேத் தொடரின் கடைசிப் பகுதியான, மஜின் பூ என்ற அரக்கனின் கதையை மறுபடி முழுதாகப் பார்த்து முடித்தேன். 200ஆம் எபிசோடில் நாயகன் கோக்குவின் மகன் கோஹன் பள்ளிக்கூடம் போவதில் தொடங்கி, 291இல் கோக்கு அந்தச் சின்னப் பையன் ஊபை முதுகில் ஏற்றிக்கொண்டு பறப்பது வரை. இதைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் தீர்ப்பை முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள்: முந்தைய வில்லன்களில் ஃப்ரீஸா உச்சம், செல் பரவாயில்லை, பூ வந்ததும் கதை படுத்துவிட்டது. அந்தத் தீர்ப்பை மறுவிசாரணைக்கு எடுக்கலாம் என்றுதான் இந்த இழை.

முந்தைய பகுதிகளின் சூத்திரம் எளிது. எதிரி வருவான், நம் ஆட்கள் அடி வாங்குவார்கள், ஒருவர் புதிதாக ஒரு நிலையை எட்டுவார், கதை முடியும். பூ பகுதியில் புது நிலைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஒன்றுகூட வேலைக்கு ஆகவில்லை. கோக்குவும் அவன் போட்டியாளன் வெஜிட்டாவும் பழைய கணக்கைத் தீர்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் பூ முட்டையிலிருந்து வெளியே வருகிறான். முதலில் வரும் குண்டுப் பூவை, சையன் இனத்தின் சூப்பர் சையன் 3 நிலையில் நானே முடித்திருக்கலாம், இளையவர்கள் செய்யட்டும் என்றுதான் விட்டேன் என்று கோக்கு பிற்பாடு சாவகாசமாகச் சொல்கிறான். அந்த இளையவர்களின், அதாவது கோக்குவின் மகன் கோட்டென், வெஜிட்டாவின் மகன் டிரங்க்ஸ் இருவரின், கூட்டுருவான கோட்டென்க்ஸ், தன் அடிகளுக்குப் பேர் வைப்பதிலும் போஸ் கொடுப்பதிலுமே இணைவின் நேரத்தைத் தின்றுவிடுகிறான். கோஹன் எதிரியைத் துவைத்துப் போட்டுவிட்டு, முடிக்காமல் நின்று பேசுகிறான். கோக்குவும் வெஜிட்டாவும் இணைந்த வெஜிட்டோவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மிட்டாயாக மாற்றப்பட்டு, அந்த மிட்டாய் உருவத்திலேயே பூவை அடித்துவிட்டு, அதன்பிறகும் கொல்லாமல் விளையாடுகிறான். கையில் இருந்த வெற்றியை எல்லாரும் ஆளுக்கு ஒருமுறை கோட்டை விடுகிறார்கள்.

மிச்சம் இருப்பது மிஸ்டர் சாத்தான். செல்லை வீழ்த்தியது நான்தான் என்று ஏழு வருடமாக ஊரை ஏமாற்றிப் பிழைக்கிற ஆள். அவன் பூவிடம் போவதும் கொல்லத்தான். விஷம் வைத்த சாக்லேட், வீடியோ கேம் பெட்டி மாதிரி செய்த வெடிகுண்டு, எதுவும் பலிக்கவில்லை. உயிர்ப் பயத்தில் எடுபிடியாக ஒட்டிக்கொண்டு சமைத்துப் போடுகிறான். அப்புறம் ஒரு நாய்க்குட்டி வருகிறது. கால் அடிபட்ட குட்டி. தன்னைக் கண்டு அது ஓடாததே பூவுக்குப் புதிராக இருக்கிறது. காலைச் சரி செய்தால் ஓடும் என்று பார்த்தால், அது வாலை ஆட்டிக்கொண்டு முகத்தை நக்குகிறது. அந்த இடைவெளியில் சாத்தான் மெல்லக் கேட்கிறான், ஏன் இப்படி ஆட்களைக் கொல்கிறாய் என்று. என்னை ஏவிய மந்திரவாதிகள் பிபிடியும் பாபிடியும் சொன்னார்கள், அதனால் செய்தேன் என்கிறான் பூ. அது தப்பு என்றதும், சரி, இனி செய்யவில்லை என்கிறான். அவ்வளவுதான். கையோஷின்கள் என்ற தெய்வங்கள் முதல் சையன்கள் வரை யாராலும் முடியாத காரியம், ஒரு பொய்க்காரனும் ஒரு நாய்க்குட்டியும் சேர்ந்து ஒரு மதியத்தில் முடித்துவிட்டார்கள்.

அங்கே துப்பாக்கியோடு வந்து கெடுப்பவர்கள் வேற்றுக்கிரக வில்லன்கள் இல்லை, சாதாரண மனிதர்கள் இரண்டு பேர். நாயைச் சுடுகிறார்கள், பிறகு சாத்தானையும். இருவரையும் பூ பிழைக்க வைத்துவிடுகிறான். ஆனால் அடக்கி வைத்த கோபம் உச்சந்தலையிலிருந்து ஆவியாகக் கிளம்பி, ஒல்லியாக, சாம்பல் நிறத்தில் இன்னொரு பூவாக உருவம் எடுக்கிறது. அப்போதும் குண்டுப் பூ முதலில் சொல்வது, நாயைத் தூக்கிக்கொண்டு ஓடு என்பதுதான். இந்த ஒரு காட்சிக்காகவே இந்தப் பகுதி ஃப்ரீஸாவுக்குப் பக்கத்தில் உட்காரத் தகுதியானது.

உங்கள் அடி உதைகளை எதிர்பார்க்கிறேன்.

#2 | நெய்ரோஸ்ட்

சாத்தான் காட்சி நல்ல காட்சி, மறுப்பில்லை. ஆனால் 92 எபிசோடில் நல்லதாக ஒரு நாலு எபிசோடைக் காட்டிவிட்டு மொத்தத்துக்கும் ஜாமீன் கேட்கிறீர்கள். எல்லாரும் முட்டாள்தனம் செய்வதுதான் கதையின் கருத்து என்று சொல்லிவிட்டால் எந்த மோசமான திரைக்கதையையும் காப்பாற்றிவிடலாமே!

#3 | தயிர்வடை_தேசிகன்

நான் கோஹன் கட்சி, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

செல் நடத்திய சண்டைப் போட்டியான செல் ஆட்டத்தில் அப்பா செத்து, பதினொரு வயதுகூட நிரம்பாத பையன் ஒற்றைக் கையால் கமெஹமெஹா கதிரை விட்டுச் செல்லைப் பொடியாக்கினான். மொத்தத் தொடரும் அவன் கைக்கு மாறுகிற இடம் அது. பூ பகுதியின் தொடக்கமும் அப்படித்தான் நடக்கிறது. கோக்கு செத்து ஏழு வருடம், பையன் உயர்நிலைப் பள்ளியில், சாத்தானின் மகள் விடேல் அவனைச் சந்தேகக் கண்ணோடு பின்தொடர்கிறாள், அவன் தலைக்கவசமும் துணியும் மாட்டிக்கொண்டு மகா சையமேன் என்று கோமாளி வேஷம் கட்டுகிறான். எனக்கு இந்தப் பத்து எபிசோடும் ரொம்பப் பிடிக்கும். சண்டையே இல்லாமல் இந்தத் தொடரால் சிரிக்க வைக்க முடியும் என்று மறந்துபோயிருந்தவர்களுக்கு ஒரு நினைவூட்டல்.

அதற்குப் பிறகு அவனுக்கு நடப்பது அநியாயம். மூத்த கையோஷின் முன்னால் மணிக்கணக்காக உட்கார்ந்து, உள்ளே பூட்டிக் கிடந்த சக்தி முழுவதையும் திறந்துகொண்டு வருகிறான். உடை மாறுகிறது, பார்வை மாறுகிறது, பூ பதறுகிறான். சரி, இதோ நம்ம பையன் என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், பூ கோட்டென்க்ஸையும் கோஹனின் குரு பிக்கோலோவையும் கண்ணெதிரே விழுங்கிவிடுகிறான். அப்புறம் இருவரை ஒருவராக இணைக்கும் பொட்டாரா காதணியைக் கோக்கு எறிகிறான். மகன் அதைப் பிடிக்கவில்லை! கீழே விழுந்ததைத் தரையில் தேடிக்கொண்டிருக்கிறான். தேடி எடுத்து முடிப்பதற்குள் அவனும் பூவின் வயிற்றில். ஏழு வருடக் காத்திருப்பின் முடிவு, காதணியைத் தவறவிட்டான் என்பது.

கோஹனை நாயகனாக்கத்தான் நினைத்தேன், கோக்குவோடு ஒப்பிட்டால் அந்த இடத்துக்கு அவன் பொருந்தவில்லை என்று கதையை எழுதிய தோரியாமாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பொருந்தவில்லை என்றால் சரி, கௌரவமாக ஓரம் கட்டியிருக்கலாம். ஏணியில் ஏற்றிவிட்டு ஏணியை உருவியதுதான் வலிக்கிறது.

#4 | மாடிப்படி

@தயிர்வடை_தேசிகன், காதணி விஷயத்தில் உங்களோடு சண்டை போட மாட்டேன். அங்கே எந்த வக்கீலும் வாதாட முடியாது.

ஆனால் கோஹனுக்குச் சண்டை பிடிக்காது என்பதை நாம்தான் திரும்பத் திரும்ப மறக்கிறோம். செல் ஆட்டத்திலும் அவன் வெறி வந்ததும் செல்லை உடனே முடிக்கவில்லை, வேடிக்கை பார்த்தான், அப்பா செத்தார். ஏழு வருடம் கழித்து அதே தப்பு, அதே மாதிரி. புதிதாக யாரோ அவன் குணத்தைக் கெடுத்து எழுதிவிடவில்லை.

@நெய்ரோஸ்ட், மோசமான திரைக்கதை என்றால் முட்டாள்தனத்துக்குக் கதையில் விலை இருக்காது. இங்கே ஒவ்வொரு தலைக்கனத்துக்கும் விலை இருக்கிறது, கடைசியில் பூமியே வெடிக்கிறது.

#5 | சுக்குக்காப்பி

வெஜிட்டாவைத் தொடாமல் பூ பகுதியை எடைபோடும் இழையை இப்போதுதான் பார்க்கிறேன்.

பாபிடியின் மந்திரத்துக்கு வேண்டுமென்றே இடம் கொடுக்கிறான். குடும்பம், அமைதியான வாழ்க்கை எல்லாம் தன்னை மழுங்கடித்துவிட்டன, பழைய கொடூரன் ஆனால்தான் கோக்குவுக்குச் சமமாக நிற்க முடியும் என்று நினைக்கிறான். அரங்கில் உட்கார்ந்திருந்த பார்வையாளர்களைக் கொத்தாகக் கொல்கிறான். இத்தனையும் செய்து கேட்டு வாங்கிய சண்டை. அதிலும் கோக்கு சூப்பர் சையன் 3ஐ ஒளித்து வைத்துவிட்டுத்தான் மோதினான் என்று பிற்பாடு தெரிகிறபோது அந்த மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும்!

237ஆம் எபிசோடை நினைத்துப் பாருங்கள். டிரங்க்ஸைப் பக்கத்தில் கூப்பிடுகிறான். நீ குழந்தையாக இருந்தபோதுகூட உன்னை நான் தூக்கியதில்லை என்று சொல்லி அணைத்துக்கொள்கிறான். பையனுக்குக் கூச்சம், நெளிகிறான். அடுத்த நொடி பிடரியில் ஒரு வெட்டு, பையன் மயங்கி விழுகிறான். பிக்கோலோவிடம் ஒரே ஒரு கேள்வி: செத்தால் மேலுலகத்தில் ககரோட்டை, அதாவது கோக்குவை, பார்க்க முடியுமா? பிக்கோலோ ஆறுதலுக்குக்கூடப் பொய் சொல்லவில்லை. நீ கொன்ற கணக்குக்கு அவன் போன இடத்துக்கு உன்னால் போக முடியாது என்கிறான். அப்படியா என்று கேட்டுக்கொண்டு, போய் வெடித்துச் சாகிறான். அந்த வெடிப்பும் வீண். பூவின் துண்டுகள் ஒன்று சேர்ந்து எழுந்துவிடுகின்றன.

இதற்குப் பதில் கடைசியில் வருகிறது. நாமெக் கிரகத்தின் வரம் தரும் டிராகன் பந்துகளிடம் கேட்கும்போது, பாபிடி வந்த நாளிலிருந்து செத்தவர்கள் எல்லாரையும் எழுப்பு, படுபாவிகளை மட்டும் விட்டுவிடு என்று வார்த்தை போட்டுக் கொடுப்பவன் வெஜிட்டாதான். வரம் பலித்ததும் செத்தவன் என்று காட்ட அவன் தலைக்கு மேல் இருந்த வளையம் மறைகிறது. கெட்டவன் பட்டியலில் தன் பேர் இல்லை என்பதை அவனே எதிர்பார்க்கவில்லை. இந்த ஒரு நொடிக்கு முன்னால் 280ஆம் எபிசோடின் 'நீதான் முதல்வன்' வசனம்கூட எனக்கு இரண்டாம்பட்சம்.

#6 | நெய்ரோஸ்ட்

@சுக்குக்காப்பி, அந்த வளையம் மறைகிற இடம், ஒத்துக்கொள்கிறேன், அருமை. ஆனால் அரங்கில் செத்த அந்த மக்களிடம் யாராவது மன்னிப்புக் கேட்டார்களா? டிராகன் பந்து இருக்கிறது, எழுப்பிவிட்டோம், கணக்கு நேர். இந்தத் தொடரில் சாவுக்கு மரியாதை போன பகுதி இதுதான். கோக்குவின் மனைவி சீசீ கோழிமுட்டையாகி மிதிபட்டுச் சாகிறாள், கிரில்லின் சாக்லேட் ஆகிறான், மொத்த மனித குலமும் காலி. எனக்குப் பயமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

#7 | பம்பரக்கண்

ஒரு முக்கியமான கேள்வி: கோஹனை விழுங்கிய பூவா, கடைசியில் வரும் குட்டிப் பூவா, யாருக்குப் பலம் அதிகம்?

#8 | நெறியாளர்

பலக் கணக்குக்குத் தனி இழை இருக்கிறது. அங்கே ஏற்கெனவே ரத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே வேண்டாம்.

#9 | பம்பரக்கண்

கோஹனை விழுங்கிய பூதான். சொல்லிவிட்டேன், கிளம்புகிறேன்.

#10 | ஓட்டுவீடு

கதையைப் பற்றியே பேசுகிறீர்கள். இதை எந்த வடிவத்தில் பார்த்தீர்கள் என்பது பெரிய விஷயம். பாதிச் சண்டைக்கு அதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

மூலப் படக்கதையான மாங்கா 1995இல் 519ஆம் அத்தியாயத்தோடு முடிந்தது. அனிமே அதைத் துரத்திக்கொண்டே ஓடி, 1996 ஜனவரி 31 அன்று நின்றது. வாரம் பத்துப் பதினைந்து பக்கம் வரும் கதையை இருபது நிமிடத்துக்கு இழுக்க வேண்டும் என்றால் என்ன ஆகும்? முறைப்பு, மேகம், மறுபடி முறைப்பு. குட்டிப் பூவோடு நடக்கும் கடைசிச் சண்டை மட்டும் 276இலிருந்து 286 வரை. கோக்கு ஒரு நிமிடம் அவகாசம் கேட்கிறான், வெஜிட்டா அடி வாங்கி அந்த ஒரு நிமிடத்தை வாங்கிக் கொடுக்கிறான். திரையில் அந்த ஒரு நிமிடம் நம் ஊர் பஸ் நிலைய அறிவிப்பில் வரும் ஒரு நிமிடம் மாதிரி.

2014 ஏப்ரலிலிருந்து 2015 ஜூன் வரை ஓடிய 'கை' என்ற மறுதொகுப்புப் பதிப்பில் இதே பகுதியை ஜப்பானில் 61 எபிசோடாகச் சுருக்கினார்கள். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன், ஒரு எச்சரிக்கையோடு: படம் முழுக்க ஒரு பச்சைச் சாயல் அடித்திருக்கும். கண் பழக நாலு எபிசோடு ஆகும். பின்னணி இசையும் வேறு. ஷுன்சுகே கிகுச்சியின் பழைய டிரம்பெட் இல்லாமல் சூப்பர் சையன் 3 மாற்றத்தைப் பார்ப்பது உப்பில்லாத பண்டம்.

சொல்லப்போனால் அந்த மாற்றம் வரும் 245ஆம் எபிசோடு, இழுவையும் சில இடத்தில் அழகாகும் என்பதற்கு அத்தாட்சி. நிமிடக்கணக்கில் ஒருவன் கத்துகிறான், முடி முதுகு தாண்டி இறங்குகிறது, புருவம் காணாமல் போகிறது, கடல் கொந்தளிக்கிறது. மாங்காவில் கண் ஓட்டிவிட்டுப் போகிற இடம் இது.

#11 | சுக்குக்காப்பி

அந்தக் கத்தலுக்குப் பின்னால் இருப்பவர் மசாகோ நொசாவா, 1936இல் பிறந்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பகுதியில் கோக்கு, கோஹன், கோட்டென் மூன்று பேரும் அவர் குரல்தான். போதாததற்குக் கோட்டென்க்ஸில் பாதி, வெஜிட்டோவில் பாதி. இணைந்த பாத்திரங்களுக்கு இரண்டு நடிகர்களும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். வெஜிட்டோ பேசும்போது ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள், நொசாவாவும் வெஜிட்டாவின் குரலான ரியோ ஹொரிகாவாவும் ஒரே வாக்கியத்தில் ஒருவரை ஒருவர் முந்தப் பார்ப்பது தெரியும். கோக்கு மகனோடு பேசுகிற காட்சியில் ஒரே மனுஷி கேள்வி கேட்டு, தானே பதில் சொல்கிறார். நமக்கு இரண்டு பேர் நிற்பதாகத்தான் தோன்றுகிறது.

#12 | தயிர்வடை_தேசிகன்

ஜப்பானியக் குரலில் பார்த்தவர்களுக்கும் ஆங்கில டப்பில் பார்த்தவர்களுக்கும் கோக்கு ஒரே ஆள் கிடையாது என்பது பழைய சண்டை. அதைக் கிளற வேண்டாம். என் ஆறாத கோபம் வேறு. பூமி வெடிக்கும் நேரம். கோக்குவால் சில பேரைத்தான் தூக்கிக்கொண்டு மறைய முடியும். மயங்கிக் கிடக்கும் இரண்டு மகன்களையும் டிரங்க்ஸையும் பிக்கோலோவையும் விட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற சாத்தானையும் பூமியின் காவலன் டெண்டேவையும் நாயையும் பிடித்துக்கொண்டு போகிறான். நாய் பிழைத்தது, கோஹன் செத்தான். இதையும் நகைச்சுவைக் கணக்கில் சேர்க்கப் போகிறீர்களா, மாடிப்படி?

#13 | மாடிப்படி

சேர்க்க மாட்டேன். கைக்கு எட்டியவர்களைப் பிடித்தான், அவ்வளவுதான். வெஜிட்டாவே அங்கே அவனைத் திட்டுகிறான். தப்பித்துப் போய்ச் சேர்ந்த இடத்தில் கையோஷின் பொட்டாராவை நீட்டினால், அதையும் கோக்கு நசுக்கிப் போடுகிறான், தனியாகத்தான் மோதுவோம் என்று. அண்டமே அழியப்போகிற நேரத்தில் இரண்டு சையன்கள் கல்-காகிதம்-கத்தரிக்கோல் போட்டு யார் முதலில் சண்டைக்குப் போவது என்று முடிவு செய்கிறார்கள்! தலைக்கனம் என்று சொன்னது இதைத்தான்.

இப்போது எல்லாரிடமும் சக்தி திரட்டி எறியும் ஸ்பிரிட் பாம் காட்சிக்கு வாருங்கள். திட்டம் போட்டது வெஜிட்டா. பூமியையும் மக்களையும் மீட்டு, அவர்களிடமே சக்தி கேட்பது, ஒருமுறையாவது தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ளட்டும் என்பது. வானத்திலிருந்து அவன் குரல் கேட்கிறது, அதட்டல். கையைத் தூக்கு என்றால் எவன் தூக்குவான்? கோஹன், டிரங்க்ஸ், பழைய தோழர்கள் தூக்குகிறார்கள். உப்பாவும் அவன் அப்பாவும், 8ஆம் எண் இயந்திர மனிதன், காட்டுக்குள் 17ஆம் எண், இவர்கள் எல்லாம் குரலை அடையாளம் கண்டுகொண்டு தூக்குகிறார்கள். முதல் டிராகன் பால் பார்த்தவர்களுக்குத் தொண்டை அடைக்கும் இடம். ஆனால் அது போதவில்லை. மிச்ச ஜனம் அசையவில்லை. இது பூவின் தந்திரம் என்கிறார்கள். கோக்குவே கெஞ்சிப் பார்க்கிறான், பலனில்லை. உலகத்தை இத்தனை முறை காப்பாற்றியவனின் குரல் அந்த ஊருக்கே தெரியாது.

அப்போதுதான் சாத்தானுக்குக் கோபம் வருகிறது. வழக்கமான மேடை வசனம் இல்லை, நிஜக் கோபம். என் பேச்சைக் கேட்க மாட்டீர்களா என்று கத்துகிறான். அடுத்த நொடி உலகம் முழுக்கக் கைகள் உயர்கின்றன. பொய்யாகச் சம்பாதித்த பேர் அங்கே மெய்யாகச் செலவாகிறது. இதைத் தற்செயலாக எழுதிவிட முடியாது, நெய்ரோஸ்ட்.

#14 | நெய்ரோஸ்ட்

எழுதிய விதம் தற்செயல் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அங்கே போய்ச் சேர நீங்கள் என்னை கோட்டென்க்ஸ் ஏவும் எத்தனை பேய்களை உட்கார்ந்து பார்க்க வைத்தீர்கள்! ஆனாலும் அந்த ஜனங்கள் கை தூக்காத காட்சி எனக்கும் பிடிக்கும். வேறு எந்தத் தொடராக இருந்தாலும் நாயகன் கேட்டதும் உலகமே கை தூக்கியிருக்கும்.

#15 | ஓட்டுவீடு

அதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பாம் தயார், எறிய முடியவில்லை, ஏனென்றால் நடுவில் வெஜிட்டா விழுந்து கிடக்கிறான். அங்கே போய் வெஜிட்டாவை அப்புறப்படுத்துவது யார்? மறுபடி சாத்தான். பிறகு மூன்றாவது வரத்தில் டெண்டே கோக்குவுக்குச் சக்தியைத் திரும்ப வாங்கிக் கொடுக்கிறான். கடைசி அடியில் கோக்குவின் பங்கு, உழைத்தவர்கள் எல்லாரும் கொண்டுவந்து கொடுத்ததைத் தள்ளிவிட்டது மட்டும்தான்.

#16 | சுக்குக்காப்பி

நல்லவனாகப் பிறந்து வா, ஒற்றைக்கு ஒற்றை மோதலாம் என்று பூவை வழியனுப்புவதும் கோக்குதான். பத்து வருடம் கழித்து அந்த மறுபிறவியாக ஊபு வந்து நிற்கிறான். போட்டியில் அவனோடு மோத வேண்டும் என்பதற்காகக் குண்டுப் பூவை விட்டுச் சீட்டுக் குலுக்கலில் தில்லுமுல்லு செய்ய வைக்கிறான். பிறகு அந்தச் சின்னப் பையனைக் கோபப்படுத்தக் கன்னாபின்னாவென்று திட்டுகிறான். கடைசியில் மனைவி, பிள்ளைகள், பேத்தி பான் எல்லாரையும் விட்டுவிட்டு அவனோடு கிளம்பிவிடுகிறான். இந்த முடிவை நான் வெறுக்கவும் முடியவில்லை, ரசிக்கவும் முடியவில்லை. கோக்கு என்றால் இவ்வளவுதான் என்று ஒப்புக்கொண்ட மாதிரி இருக்கிறது.

#17 | தயிர்வடை_தேசிகன்

இந்த முடிவில் யாரும் அதிகம் பேசாத ஒரு சங்கதி உண்டு. குண்டுப் பூ சாத்தான் வீட்டில் வாழ வேண்டும் என்பதற்காக, ஆறு மாதம் கழித்து டிராகன் பந்துகளிடம் வரம் கேட்டு, மக்கள் நினைவிலிருந்து மஜின் பூவையே அழித்துவிடுகிறார்கள். அதாவது செல்லைக் கொன்றதாகச் சாத்தான் அடித்த புளுகு எல்லாருக்கும் நினைவிருக்கிறது. உலகம் முழுக்க அவன் பேச்சைக் கேட்டுக் கை தூக்கிய நாள், அவன் வாழ்க்கையில் செய்த ஒரே நிஜமான காரியம், ஒருவருக்கும் நினைவில்லை.

நான் இன்னும் கோஹன் கட்சிதான், மாடிப்படி. ஆனால் உங்கள் வழக்குக்கு இந்தச் சாட்சியை நான்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

#18 | மாடிப்படி

இதை நான் முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் நெய்ரோஸ்டோடு இவ்வளவு மல்லுக்கட்டியிருக்க வேண்டாம்.

#19 | நெய்ரோஸ்ட்

கட்டியிருப்பேன். பேய்களை நான் மன்னிக்கவில்லை. சரி, பூவைத் தோற்கடித்த பிறகு நடக்கும் கதை என்று 2024இல் டைமா வந்ததே, அதில் சாத்தானுக்கு ஏதாவது வேலை இருக்கிறதா? இருந்தால் பார்க்கத் தொடங்குகிறேன்.

#20 | ஓட்டுவீடு

அதற்குத் தனி இழை போடுங்கள். ஆனால் முதல் எபிசோடு பார்க்காமல் இழைக்குள் வராதீர்கள், பம்பரக்கண் ஏற்கெனவே அங்கே பலக் கணக்கோடு காத்திருப்பார்.